மானாவாரிச் சம்பளம்: ஒரு இளம் கால்பந்து வீரரிடம் நாம் படிக்க வேண்டிய பணப் பாடம்



எங்க ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு அடுத்து இங்கே பேர்போனது ஹாக்கி. எங்க ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். ஊரில் ஒரு பையன் நல்லா ஆடினால் பெரியவங்க கேட்கிற முதல் கேள்வி, "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைச்சிருமா?" என்பதுதான். ரயில்வே, வங்கி, ராணுவம் என்று ஹாக்கியில் அந்த வழி உண்டு. உள்ளே போய்விட்டால் மாசம் பிறந்தால் சம்பளம்.

ஆனால் கிளப் ஒப்பந்தத்தை மட்டும் நம்பி ஆடும் புரொஃபஷனல் கால்பந்து வீரருக்கு? அவர் கணக்கு வேற. அந்தக் கணக்கு உங்க கணக்கும்தான். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

சிவசக்தியின் ஒரு சீசன்

சிவசக்தி நாராயணன், காரைக்குடி பக்கம் கண்டனூர்க்காரர், 2001-ல் பிறந்தவர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனிடம் பயிற்சி எடுத்து, 2020-ல் பெங்களூரு எஃப்சி கிளப்பில் சேர்ந்தார்.

2022 செப்டம்பர் 18, கொல்கத்தா, டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி. மும்பை சிட்டிக்கு எதிரான முதல் கோல் சிவசக்தியுடையது. பெங்களூரு 2-1 என்று ஜெயித்தது. அடுத்து வந்த ஐஎஸ்எல் சீசனில் 6 கோல். இந்திய கால்பந்தின் பெரிய பெயரான சுனில் சேத்ரி பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார, 21 வயசுப் பையன் முதல் பதினொன்றில் இறங்கினார். சீசனின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே.

2023 மார்ச் 18, கோவா, ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காயம் பட்டு சிவசக்தி வெளியே வந்தார், சேத்ரி உள்ளே போனார். ஒரு வருஷம் முழுக்க உழைத்துப் போய்ச் சேர்ந்த மைதானத்தில் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அவர் சம்பளம் எவ்வளவு என்பது நமக்குத் தேவையில்லாத பேச்சு. சம்பாதிக்கும் உடம்புக்கு எந்த நிமிஷமும் உத்தரவாதம் இல்லை என்பதுதான் நமக்கான செய்தி.

உடம்பு நல்லா இருந்தாலும் போதாது. 2025 ஜூலையில், இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், ஐஎஸ்எல் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சி தன் முதல்நிலை அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. வீரர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை.

கரிசல்காரனுக்குத் தெரிந்த கணக்கு

எங்க கரிசல் காடு மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் உளுந்து, பாசி, கம்பு, பருத்தி. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. அதனால் விளைந்ததை எல்லாம் வருமானம் என்று நினைக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு பங்கு குலுக்கையில், விதைக்கு ஒரு பங்கு தனியாக, மிச்சம்தான் சந்தைக்கு.

கால்பந்து வீரர் வருமானமும் மானாவாரிதான். பெரும்பாலானவர்களுக்கு முப்பதுகளின் நடுவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். ஃபிஃபா விதிப்படி ஒரு ஒப்பந்தம் அதிகபட்சம் 5 வருஷம், 18 வயசுக்குக் கீழே என்றால் 3 வருஷம்.

"எனக்கென்ன, மாசச் சம்பளம்!" என்று நானும் நினைத்தவன்தான். சிஏ முடித்து சென்னையில் முதல் வேலை. பைக் இஎம்ஐ, ஃபோன் இஎம்ஐ, கையிருப்பு பூஜ்யம். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி மூணு மாசம் சம்பளம் போடவில்லை. ஊருக்கு வெச்சேன் ஒரு ஃபோன். அப்பா எதுவும் கேட்காமல் பணம் அனுப்பினார். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த உளுந்தோடு, விதை உளுந்தையும் சேர்த்து விற்றிருக்கிறார். அடுத்த புரட்டாசியில் அவர் பக்கத்து வீட்டில் விதை கடன் கேட்டபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற படிப்பு படித்தவன், வீட்டு விதையைத் தின்றிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

பாடம் 1: ஒப்பந்தத்தைப் படிங்க

ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி என்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. உங்க ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பாண்ட் இருக்கிறதா, வேரியபிள் பே எவ்வளவு? தெரியவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துப் பாருங்க.

முக்கியமாக, நீங்க ஊழியரா, கன்சல்டன்டா? சம்பளத்துக்குப் பதில் தொழில்முறைக் கட்டணம் என்று 10% டிடிஎஸ் பிடித்துக் கொடுத்தால், அதில் பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸும் நீங்களே கட்டணும். கையில் வருவது கூடத் தெரியும், ஆனால் அதில் உங்க விதையும் கலந்திருக்கு.

பாடம் 2: முதலில் குலுக்கை

ஆறு மாசச் செலவு தனியாக இருக்கட்டும். சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீங்க, செலவை வைத்துப் போடுங்க. வாடகை, சாப்பாடு, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 25,000 என்றால் இலக்கு 1,50,000. எஃப்டி, லிக்விட் ஃபண்ட் போதும். இங்கே லாபம் தேட வேண்டாம்.

பாடம் 3: உடம்புதான் முதலீடு

கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தமாக ஒன்று எடுங்க. உங்களை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் இன்ஷூரன்ஸ். பலரும் மறப்பது விபத்துக் காப்பீடு. காயத்தால் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தரும் பாலிசியாகப் பாருங்க. புரொஃபஷனல் விளையாட்டில் வரும் காயத்தைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கும். சிவசக்தி மாதிரி ஆட்களுக்கு அது சிக்கல். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் நாம் எடுப்பதில்லை!

பாடம் 4: ஆரம்ப வருஷங்களின் பலம்

வருஷம் 10% வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்கான அனுமானம், உத்தரவாதம் இல்லை.

- ராஜா: 23 வயசில் மாசம் 10,000 எஸ்ஐபி தொடங்கி, 31-ல் நிறுத்திவிட்டார். பணத்தைத் தொடவில்லை. போட்டது 9.6 லட்சம். 50 வயசில் சுமார் 97 லட்சம்.
- ரவி: 31-ல் தொடங்கி 50 வரை அதே 10,000. போட்டது 22.8 லட்சம். கிடைப்பது சுமார் 68 லட்சம்.

ராஜாவுடையது கால்பந்து வீரர் கணக்கு. எட்டு வருஷம்தான் விளைச்சல், ஆனால் விதையைத் தின்னவில்லை.

பாடம் 5: வீட்டுக்கும் ஒரு பங்கு

ஒரு வீரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசி மாறும்போது, அந்தத் தொகையில் 5%-ஐ, 12 முதல் 23 வயசு வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு வைக்கச் சொல்கிறது ஃபிஃபா. வளர்த்தவர்களுக்கு விதியே பங்கு வைத்திருக்கு! நம்ம வீட்டுக்கும் ஒரு தொகையை முடிவு பண்ணி மாசாமாசம் அனுப்புங்க. பட்ஜெட்டில் அது முதல் வரியாக இருந்தால் குற்ற உணர்ச்சியும் இருக்காது, திடீர் அதிர்ச்சியும் இருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. ஆஃபர் லெட்டரை முழுசா ஒரு தடவை படிங்க.
2. மாசச் செலவை எழுதி ஆறால் பெருக்குங்க. அந்தத் தொகைக்குத் தனி அக்கவுண்ட் தொடங்குங்க.
3. கம்பெனி பாலிசி தவிர உங்க பேரில் என்ன காப்பீடு இருக்குன்னு பாருங்க.
4. சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளே எஸ்ஐபி போகிற மாதிரி வைங்க.

இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்தால் விதைக்கான பணம் என் அக்கவுண்டிலிருந்து அப்பாவுக்குப் போகிறது. "எதுக்குடா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். நானும் ஒவ்வொரு வருஷமும் பதில் சொல்வதில்லை.

அடுத்த வீடியோவில் கன்சல்டன்ட் வருமானத்துக்கு அட்வான்ஸ் டாக்ஸ் போடுவது எப்படி என்று பார்க்கலாம்.