ஓர் ஆய்வுக் கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

சில மாதங்களுக்கு முன்பு, அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவர் ஒருவரை அவருடைய மகள் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். முந்தைய ஆண்டில் மூளை இரத்தக் குழாய் அடைப்பினால் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டுப் பெருமளவு தேறியிருந்தார். அன்று காலை பத்து நிமிடம் நாக்குழறி, வலக்கை சோர்ந்து, பின்னர் தானாகவே சரியாகிவிட்டது. மருந்துகளைச் சரிபார்த்தபோது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை அவர் மூன்று மாதங்களாக உட்கொள்ளவில்லை எனத் தெரிந்தது.

“அந்த மாத்திரையால் மறதி வரும் என்றார்கள், டாக்டர். கொழுப்புக்கும் மூளை நோய்க்கும் தொடர்பே இல்லை என்று ஆராய்ச்சியிலேயே போட்டிருக்கிறதே” என்று கூறி, மகள் தம் பையிலிருந்து ஓர் அச்சுத் தாளை எடுத்துத் தந்தார்.

அத்தாள் போலியானதன்று. ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்னும் மதிப்புமிக்க மருத்துவ இதழில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த மெய்யான ஆய்வுக் கட்டுரையின் சுருக்கமே அது. அதை எழுதியவர்களுள் ஒருவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் மருத்துவர் சுதா சேஷாத்திரி ஆவார். கட்டுரையில் பிழையில்லை. அதிலிருந்து அக்குடும்பத்தார் எடுத்துக்கொண்ட முடிவே பிழையானது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை அவருடைய ஆய்வு வரிசையைக் கொண்டே இங்குக் காண்போம்.

ஒரு சிப்பியும் கடலும்

நம் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும், ஒரு காலத்தில் இங்குக் கடல் இருந்ததை அறிவிக்கின்றன. எனினும் ஒரு சிப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அக்கடலின் வரலாற்றை எழுதிவிட இயலாது. பாறையை அடுக்கடுக்காகப் பார்த்தால்தான் வரலாறு விளங்கும். ஆய்வுக் கட்டுரைகளும் அத்தகையவையே.

சுதா சேஷாத்திரியின் பணிகளில் பெரும்பகுதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்காம் என்னும் ஊரைச் சார்ந்தது. 1948இல் அவ்வூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, அவர்களுக்கு இதய நோய் எவ்வாறு உருவாகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கத் தொடங்கினர். 1971இல் அவர்களுடைய பிள்ளைகளும், 2002இல் பேரப்பிள்ளைகளும் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் இதய நோய்க்கு முன்னறிவிப்பு என்று உலகம் உணர்ந்ததில் அவ்வூருக்குப் பெரும் பங்குண்டு. பிற்காலத்தில் அதே மக்களுக்கு எம்.ஆர்.ஐ. படங்களும் நினைவாற்றல் சோதனைகளும் செய்யப்பட்டன. இவ்வாறு இதயத்தை அறியத் தொடங்கிய ஆய்வு, மூளையையும் அறியும் ஆய்வாக வளர்ந்தது.

முதற் பாடம்: கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது?

2003ஆம் ஆண்டுக் கட்டுரை கேட்ட கேள்வி குறுகலானது: இரத்தத்தில் மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் கூடுதலாக வருகிறதா? வரவில்லை என்பதே அதன் விடை. இதில் பெருவியப்பு இல்லை. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் எளிதில் அதனுள் புகுவதில்லை.

நம் முதியவருக்கு வந்ததோ அல்சைமர் நோயன்று, பக்கவாதம். எல்.டி.எல். கொழுப்பு தமனியின் உட்சுவரில் படிந்து தடிக்கிறது. அப்படிவு வெடித்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, மூளைக்குச் செல்லும் பாதை அடைபடுகிறது. மூளைக்குள் கொழுப்பு நுழையாவிட்டாலும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயை அது அடைத்துவிட முடியும்.

மேலும், அறிவியல் 2003இலேயே நின்றுவிடவில்லை. மறதி நோய் குறித்து லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, நடுவயதில் மிகும் எல்.டி.எல். கொழுப்பையும் மறதி நோய்க்கான இடர்க் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. முதுமையில் அளந்த கொழுப்பும் நடுவயதில் அளந்த கொழுப்பும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

இரண்டாம் பாடம்: தொடர்பு வேறு, காரணம் வேறு

2002இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் சுதா சேஷாத்திரியை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. சராசரி வயது 76 கொண்ட 1,092 பேரைக் கவனித்ததில், இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் மிகுந்தவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும். எனவே அவ்வைட்டமின்களை விழுங்கினால் நோய் நீங்கிவிடும் என்று பலர் எண்ணினர்.

அவ்வெண்ணத்தைச் சோதனை ஏற்கவில்லை. அல்சைமர் நோயாளிகளுக்கு உயர் அளவில் பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, ஆனால் நினைவாற்றல் சரிவது குறையவில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்களுக்கு அவ்வூசியும் மாத்திரையும் இன்றியமையாதவை என்பது வேறு செய்தி.

எல்.டி.எல். கொழுப்போ இச்சோதனையில் தேறியது. 1994இல் வெளிவந்த ஆய்வொன்றில், இதய நோயுள்ள 4,444 பேரில் ஒரு சாராருக்குச் சிம்வாஸ்டாடினும் மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் வழங்கப்பட்டன. மருந்து பெற்றோரிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 4,731 பேரிடம் அட்டார்வாஸ்டாடினைச் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், மீண்டும் பக்கவாதம் வருவது 16 விழுக்காடு குறைந்தது. மூளையில் இரத்தக் கசிவு சற்றே மிகுந்ததையும் அவ்வாய்வு மறைக்காமல் கூறியது. இதனால்தான் யாருக்கு எவ்வளவு மருந்து என்பதை மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்கிறார்.

மறதி வரும் என்ற அச்சத்துக்கும் இங்கேயே விடையுண்டு. 70 முதல் 82 வயது வரையுள்ள 5,804 பேரிடம் பிராவாஸ்டாடினைச் சோதித்த ஆய்வில் நினைவாற்றலும் அளக்கப்பட்டது. மாத்திரை உண்டோருக்கும் உண்ணாதோருக்கும் அதில் வேறுபாடு காணப்படவில்லை.

மூன்றாம் பாடம்: மூளைப் படம் எதைக் காட்டும்?

2012இல் சுதா சேஷாத்திரியும் அவர்தம் குழுவினரும் சராசரி வயது 39 கொண்ட 579 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்தனர். இரத்த அழுத்தம் ஏற ஏற, மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகள் சிதைந்திருந்தன. உயர் இரத்த அழுத்தமுள்ள 33 வயதினரின் மூளை, அழுத்தம் சீராக உள்ள 40 வயதினரின் மூளையைப் போன்று தோன்றியது. அவர்களுக்குத் தலைவலியோ மயக்கமோ இருந்தாக வேண்டியதில்லை. “எனக்கு ஒன்றும் செய்யவில்லை, எதற்கு மாத்திரை?” என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1,352 பேரைப் பற்றிய 2011ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அவர் பங்குகொண்டார். நடுவயதில் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், உடற்பருமன் ஆகியவை உடையோருக்கு மூளை மூப்படைவதும் சிந்தனைத் திறன் குறைவதும் விரைந்து நிகழ்ந்தன.

2012இன் மற்றொரு கட்டுரையில், மீன்களில் மிகுந்துள்ள ஒமேகா-3 கொழுப்பு இரத்தச் சிவப்பணுக்களில் குறைந்திருந்தோரின் மூளை அளவும் குறைந்திருந்தது. இதைக் கண்டு மீன் எண்ணெய் மாத்திரைகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டாம் பாடத்தை நினைவிற்கொள்க. 25,871 பேரிடம் ஒமேகா-3 மாத்திரையைச் சோதித்து 2018இல் வெளிவந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் இதய, இரத்தக் குழாய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குழம்பாக வைத்து உண்பது நல்ல உணவுப் பழக்கமே.

நான்காம் பாடம்: யாரை ஆராய்ந்தார்கள்?

ஃபிரேமிங்காம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். பெரம்பலூரில் மக்காச்சோளம் விளைவிப்பவருக்கு அது பொருந்துமா என்று கேட்பது முறையான கேள்வியே. இந்தியா உள்ளிட்ட 22 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு 2010இல் அதற்கு விடை தந்தது. பக்கவாதங்களில் பத்தில் ஒன்பது பங்கு, பத்து இடர்க் காரணிகளுடன் தொடர்புடையது. அவற்றுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தம். புகை, நீரிழிவு, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பின்மை, இரத்தக் கொழுப்பு ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. ஊர் மாறினாலும் பகைவர்கள் பெரும்பாலும் அவர்களே.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் கண்ட அளவோடு ஒப்பிட, ஃபிரேமிங்காமில் புதிதாக மறதி நோய் வருவது முப்பது ஆண்டுகளில் 44 விழுக்காடு குறைந்துள்ளது என்று சுதா சேஷாத்திரியின் குழு 2016இல் அறிவித்தது. அக்குறைவு உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தவர்களிடம் மட்டுமே காணப்பட்டது. பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் தொடர்ந்து படிக்க வைப்பதும் ஒரு வகையில் மூளைக் காப்பே.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆய்வுச் செய்தி எதைப் படித்தாலும், அது உங்கள் நோயைப் பற்றியதா, மனிதரிடம் மருந்து கொடுத்துச் சோதித்ததா, எவ்வயதினரிடம் செய்தது, பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தனவா என்று கேளுங்கள்.

2. விடை தெரியவில்லையெனில் தாளை எங்களிடம் கொண்டு வாருங்கள். அதனால் மருத்துவர் சினங்கொள்வார் என அஞ்ச வேண்டாம்.

3. ஸ்டேட்டின், இரத்த அழுத்த மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். தசைவலி போன்ற தொல்லை இருந்தால் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு.

4. முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி, முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அறிகுறி தானாக மறைந்துவிட்டாலும் வாருங்கள். அடுத்த சில நாள்களில் பெரிய பக்கவாதம் வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

அம்முதியவருக்கு மாத்திரையை நிறுத்தியதால்தான் அன்று நாக்குழறியது என்று என்னால் உறுதிகூற இயலாது. ஒருவருக்கு நேர்ந்த ஒரு நிகழ்வைக்கொண்டு காரணத்தை அறுதியிடுவதும் மேலே கூறிய பிழையே ஆகும். பல்லாயிரவரிடம் கண்ட சான்றைக்கொண்டே மாத்திரையை மீண்டும் தொடங்கினோம். அவருடைய எல்.டி.எல். அளவை 70 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவது எங்கள் இலக்கு. இப்போது மகள் ஒவ்வொரு முறையும் கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். அனைவரும் அவ்வாறே வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.