மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களுக்கு ஏழு சொல்

தேவதானத்தில் பூவைப் பார்த்து மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடிப்பவரும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி போடுபவரும் பெரும்பாலும் கடனில்தான் தொழிலைத் தொடங்குகிறார்கள். காய்ப்பு பொய்த்தாலோ நூல் விலை ஏறினாலோ சிலர் மூழ்கிவிடுகிறார்கள். அப்படி ஐ.பி. என்னும் மஞ்சள் கடுதாசி, அதாவது நொடிப்பு மனு, போட்டுவிட்டுத் திண்ணைக்குக்கூட வராமல் உள்ளேயே கிடக்கும் தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் வீட்டில் சொல்லுங்கள். பாதியை அல்ல, முழுத்தொகையை. அடகுக்குப் போன நகை, மச்சினரிடம் வாங்கிய கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ கொடுங்கள். கடன்காரர் வாசலில் நின்று சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

2. ஜெயில் பயத்தை விடுங்கள். கொடுக்க வழியில்லாதவரைக் கடனுக்காக மட்டும் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறவர் கதை வேறு. தனிமனிதர் நொடிப்புக்கு நம் பக்கம் இன்னும் 1920-ஆம் வருடச் சட்டம்தான். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

3. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் போலீசுக்குப் போங்கள். 2003-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கந்துவட்டி வாங்குவதற்கு மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டித் தொல்லையால் சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்குளித்துச் செத்தது. ராத்திரியில் அந்த மாதிரி நினைப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

4. எதையும் ஒளிக்காதீர்கள். தோட்டத்தைத் தம்பி பேருக்குச் சும்மா எழுதி வைத்தால், மனுவுக்கு முந்தின இரண்டு வருடத்துக்குள் நடந்ததைக் கோர்ட் செல்லாததாக்கலாம். மனுப் போடுவதற்கு முந்தின மூன்று மாதத்தில் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் கடனைத் தீர்த்தாலும் சிக்கல்தான்.

5. மிஞ்சியது என்ன என்று எண்ணுங்கள். உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில்காரரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல், இவற்றை ஜப்தி செய்ய முடியாது. சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், மறுபடி தொழில் தொடங்க வேண்டியவை சில இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூட உங்கள் கைவேலையும் இருக்கிறது, அதை யார் ஜப்தி செய்வது?

6. கொஞ்ச காலம் சம்பளத்துக்குப் போங்கள். முதலாளியாக இருந்தவன் கூலிக்குப் போவதா என்று கூசாதீர்கள். கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. 1912-இல் சிறையிலிருந்து வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். பிற்பாடு வாலஸ் என்ற நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்து, இதோ பக்கத்துக் கோவில்பட்டியில் வழக்காடினார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். கோர்ட் விடுவிக்கும் வரை நீங்கள் புதுக்கடன் வாங்காதீர்கள். விடுவிக்கப்படாத நொடிப்பாளி, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம்.

7. ஊருக்குள் நடமாடுங்கள். நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து மன்னனைக் காத்தவர் என்று தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியைக் கும்பிடுகிற வட்டாரம் இது. அவமானமும் அப்படி ஓர் ஆடைதான். அதை உடுத்திக்கொண்டு திரியாதீர்கள். கல்யாணத்துக்குப் போங்கள், முடிந்த மொய்யை எழுதுங்கள். முடியாவிட்டால் பந்தியில் பரிமாறுங்கள். காய் பறித்தவருக்குக் கூலி பாக்கி இருந்தால், கோர்ட் விடுவித்த பிறகாவது சம்பாத்தியத்திலிருந்து கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஐ.பி. போட்டதோடு வேலை முடியவில்லை. கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு, கோர்ட் குறித்த கெடுவுக்குள் தனியாக மனுப் போட வேண்டும். தவறினால் நொடிப்பு உத்தரவே ரத்தாகி, கடன்காரர்கள் திரும்ப வருவார்கள். அந்தத் தேதியை இன்றைக்கே வக்கீலிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.