க்ஷயரோகியின் வீட்டாரும் இருவகைச் சோதனைகளும்

ஒரு வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் க்ஷயம் கண்டால், அவரோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி, அவர் இருமிய காற்றையே சுவாசித்த ஏனையோரையும் வைத்தியர் அழைத்துப் பார்ப்பது முறை. கிருமி புகுந்தோர் யாவரும் நோயாளிகளாவர் என்று எண்ணலாகாது. அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அது பிற்காலத்தில் நோயாக மூளும்; மற்றையோரிடத்தில் அடங்கிக் கிடக்கும். அடங்கிய கிருமியைக் கபத்தில் காண இயலாது. ஆதலின், அதனை எதிர்த்த உடலின் நினைவையே நாம் விசாரிக்க வேண்டியதாகிறது.

முதற் சோதனை பழமையானது. ராபர்ட் காக் 1890-இல் மருந்தென வெளியிட்ட டியூபர்குலின், மருந்தாகப் பயன்படாமல் நோயறி கருவியாக நிலைத்தது. மாண்டூ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1908-இல் வகுத்த முறைப்படி அதனை முன்கைத் தோலினுள் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அளந்து பார்ப்பர். அளக்க வேண்டுவது விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பையேயன்றிச் சிவப்பையன்று. புதிதாகப் பயில்வோர் இடறுமிடம் இதுவே.

இச்சோதனையின் குறை, டியூபர்குலின் பல புரதங்களின் கலவையாயிருப்பது. அவற்றுட் பல பி.ஸி.ஜி. தடுப்பூசிக் கிருமிக்கும், மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் உறவினக் கிருமிகளுக்கும் பொதுவானவை. 1968-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பெரிய பி.ஸி.ஜி. ஆராய்ச்சியில், உறவினக் கிருமியொன்றின் சத்தைக் கொண்டு சோதித்தபோது, வாலிபம் எய்துமுன்னரே மிகப் பெரும்பாலோருக்குத் தோல் தடித்தது. இத்தகைய நாட்டில் கையில் எழுந்த தடிப்பு எக்கிருமிக்குச் சாட்சி சொல்கிறது?

இவ்வையத்தைத் தீர்க்க வந்தது இரத்தச் சோதனை. பி.ஸி.ஜி. கிருமி இழந்துவிட்ட ஈஸாட்-6, ஸி.எப்.பி.-10 என்னும் இரு புரதங்களை இரத்தத்தோடு சேர்த்து ஓரிரவு வெதுவெதுப்பில் வைப்பர். க்ஷயக்கிருமியை முன்னறிந்த வெள்ளணுக்கள் இண்டர்பெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கும், அதனை அளப்பர். சோதிக்கப்படுபவர் இரண்டாம் முறை வர வேண்டுவதில்லை. ஆயினும் ஆய்வுசாலையும் மிகுபொருளும் வேண்டும். எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் முடிவுகள் மறுசோதனையில் மாறுவதும் உண்டு.

எது மேல்? தடுப்பூசியின் குழப்பத்தை நீக்குவதில் இரத்தச் சோதனையே மேல் என்பதில் ஐயமில்லை. நாளை நோயுறுவோர் யாரென முன்னறிவிப்பதிலோ இரண்டும் பலவீனமானவையே. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் இரண்டில் எதனையும் கையாளலாமென்றது. அவ்விரு புரதங்களையே தோலில் ஏற்றும் புதிய சோதனைகளையும் 2022-இல் ஏற்றது. எளிய ஊர்களுக்கு இவையே ஏற்றவை என்பது என் துணிபு.

எச்சோதனையும், அடங்கிய கிருமியையும் மூண்ட நோயையும் பிரித்துக் காட்டாது. ஆகையால் இருமல், காய்ச்சல், மெலிவு ஆகியவற்றை விசாரித்து, வேண்டுமிடத்து எக்ஸ்ரே படமும் எடுத்து, நோயில்லையெனக் கண்ட பின்னரே தடுப்பு மருந்து தருவர். மூண்ட நோய்க்கு ஒற்றை மருந்தைத் தந்தால் கிருமி அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஐந்து வயது நிரம்பாக் குழந்தைக்கு இவ்விசாரணை போதும். தோல், இரத்தச் சோதனைகளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தொற்றியபின் எட்டு வாரம் வரையில் இரண்டும் பொய்யாக 'இல்லை' எனக் கூறக்கூடும். சிசுக்களுக்கோ சில மாதங்களுக்குள்ளேயே கிருமி மூளையுறையைத் தாக்கக்கூடும்.