உறைபனியில் செடி தாகத்தால் சாகிறது

அன்பு மாணவிக்கு,

உன் கடிதமும் விடைத்தாள் நகலும் கிடைத்தன. "உறைபனியில் செல்லுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரிவடைந்து செல்சுவரைக் கிழிக்கிறது, அதனால் தாவரம் இறக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். உன்மேல் வருத்தமில்லை. ஒரு வழிகாட்டி நூலைப் பார்த்து இன்னொன்று எழுதப்படுகிற நாட்டில் இந்தப் பிழை எளிதில் சாகாது. ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடிப்பதைப் பார்த்தவர்கள் இலையும் அப்படித்தான் வெடிக்கும் என்று தீர்மானித்துவிட்டார்கள். யாரும் நுண்ணோக்கியை எடுத்துப் பார்ப்பதில்லை.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டது அதைவிட நல்ல கேள்வி: "பொன்முடி அடிவாரத்தில் எங்கள் கல்லாற்றில் பனி உறைவதே இல்லை. இங்குள்ள செடிகளுக்குக் குளிரைத் தாங்கும் பாதுகாப்பெல்லாம் எதற்கு?" இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

இயற்கையில் குளிர் மெதுவாக இறங்குகிறது. அப்போது முதலில் உறைவது செல்லுக்குள் இருக்கும் நீர் அல்ல, செல்களுக்கு இடையே உள்ள வெளிகளில் இருக்கும் நீர். அதில் கரைந்திருப்பவை குறைவு. செல்லுக்குள் சர்க்கரையும் உப்புகளும் அதிகம், ஆகவே அது எளிதில் உறையாது. வெளியே பனிக்கட்டி பிறந்ததும் அது செல்லுக்குள் இருக்கும் நீரை இழுக்கத் தொடங்குகிறது. பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த இழுவை சுமார் 1.2 மெகாபாஸ்கல் கூடும். மண் 1.5 மெகாபாஸ்கல் அளவுக்குக் காய்ந்தால் பெரும்பாலான பயிர்கள் வாடி, மீளாமல் போகும் என்று படித்திருப்பாய். இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார். மைனஸ் 2 டிகிரியில் பனிக்கட்டி 2.4 மெகாபாஸ்கலில் இழுக்கிறது. பயிர் மீளாமல் வாடும் அந்த வறட்சியையும்விட இது கொடிது. செல் வெடிப்பதில்லை, வற்றிச் சுருங்குகிறது. சுருங்கும்போது அதன் சவ்வுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிச் சிதைகின்றன. விடிந்து பனி உருகியதும் அந்தச் சவ்வு வழியே எல்லாம் கசிந்துவிடுகிறது. இலை கருகியதுபோல் தெரிவது இதனால்தான். மிக வேகமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளும் பனிக்கட்டி உண்டாகும், அப்போது சாவு நிச்சயம். ஆனால் மலையில் அது அபூர்வம்.

இது புதிய செய்தி அல்ல என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம். 1880-களிலேயே ஸ்விட்சர்லாந்தின் தாவரவியலாளர் முல்லர்-துர்காவ் நீரிழப்பையே காரணமாகச் சொன்னார். 1897-இல் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் நுண்ணோக்கியைக் குளிர்ப் பெட்டிக்குள் வைத்து, உறையும் செல்களைக் கண்ணால் பார்த்தே எழுதினார். மோலிஷைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1920-களின் இறுதியில் அவர் கல்கத்தாவுக்கு வந்து ஜகதீச சந்திர போஸின் ஆய்வகத்தில் தங்கினார். நம் நாட்டுக்கே வந்து போனவரின் கண்டுபிடிப்பு நம் பாடநூல் பக்கம் வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குளிர் செடிக்குத் தாகமாக வந்து சேர்கிறது என்றால், குளிர்க் காப்பும் வறட்சிக் காப்பும் ஒரே கருவிகளால்தான் நடக்க வேண்டும். அப்படித்தான் நடக்கிறது. குளிர் தொடங்கியதும் செடி சர்க்கரைகளையும் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்து வைக்கிறது. டிஹைட்ரின் என்ற புரதங்கள் நீரிழந்த சவ்வுகளையும் பிற புரதங்களையும் காக்கின்றன. விதை காயும்போதும் செடி இதே டிஹைட்ரின்களைத்தான் செய்கிறது. 1990-களின் இறுதியில் ஜப்பானில் கசுகோ யமகுச்சி-ஷினோசாகி குழுவினர் அராபிடோப்சிஸ் செடியில் குளிரால் விழிக்கும் ஒரு மரபணுவை எப்போதும் விழித்திருக்கச் செய்தார்கள். அந்தச் செடி உறைபனியைத் தாங்கியது, வறட்சியைத் தாங்கியது, உப்பையும் தாங்கியது. ஒரே ஆணை, மூன்று காவல். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சவ்வின் கதை சற்று வேறு. தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. சவ்விலுள்ள கொழுப்புகளும் அப்படித்தான். குளிருக்குத் தயாராகும் செடி நிறைவுறாத கொழுப்பமிலங்களைக் கூட்டிச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. இதைச் செய்ய முடியாத செடிகள் உறைநிலைக்கு மேலேயே அடி வாங்கும். உன் வீட்டு வாழை அந்த ரகம். 13 டிகிரிக்குக் கீழே வைத்த பழத்தின் தோல் கறுப்பதற்குக் காரணம், சவ்வு கெட்டு, தனித்தனி அறைகளில் இருந்த பொருளும் நொதியும் கலப்பதுதான். அங்கே பனிக்கட்டி ஒரு துளிகூட இல்லை. உன் ஊரைச் சுற்றியுள்ள ரப்பரும் அப்படியே. திரிபுராவிலும் வடக்கு வங்கத்திலும் அதை நட்டபோது குளிர்காலத்தில் வளர்ச்சி தடைப்பட்டது. ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நிலையங்கள் அமைத்து, குளிர் தாங்கும் ரகங்களைத் தேட வேண்டியிருந்தது.

இனி எனக்குப் பிடித்த மரத்துக்கு வருகிறேன். நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் புல்வெளி நடுவே தனியாக நிற்கும் காட்டுப்பூவரசைப் பார்த்திருக்கிறாயா? சிவந்த பூங்கொத்து உள்ள ரோடோடெண்ட்ரான். மற்ற சோலை மரங்கள் பள்ளத்தில் கூட்டமாக ஒடுங்கி நிற்கும்போது இது மட்டும் வெட்டவெளியில் நிற்கும். இலை தோல்போலத் தடித்தது, அடிப்புறத்தில் கம்பளி நெய்ததுபோல் பழுப்பு மயிர். பட்டை தடித்துச் செதில் செதிலாக இருக்கும். இதன் அமெரிக்க உறவான ரோடோடெண்ட்ரான் மாக்ஸிமம் உறைநிலைக்குக் கீழே போனதும் இலைகளைத் தொங்கவிட்டுப் பென்சில்போல் சுருட்டிக்கொள்ளும். உறைந்த இலைமேல் காலை வெயில் நேராக விழுந்தால் ஒளிச்சேர்க்கைக் கருவி பாழாகும், உறைந்தது சடுதியில் உருகினாலும் கேடு. சுருண்ட இலை இரண்டையும் தவிர்க்கிறது. பனி பெய்யும் இரவில் தொடங்கும் ஆபத்து விடிந்த பிறகும் தொடர்கிறது என்பதை ரோடோடெண்ட்ரானிடம்தான் நான் கற்றேன்.

நம் மலைகளின் கொடுமை வேறு விதம். ஐரோப்பாவில் குளிர்காலம் வாரக்கணக்கில் நெருங்கி வரும், செடிக்குப் பழகிக்கொள்ள நேரம் உண்டு. உதகையில் பகலில் சுள்ளென்று வெயில், அன்றிரவே உறைபனி. நவம்பரில் நீர்ப்பனி, பிறகு காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் ஆகிய பள்ளங்களில் உறைபனி. தெளிந்த இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது, கனத்த குளிர்காற்று பள்ளத்துக்கு வழிகிறது, புல்மட்டம் எல்லாவற்றையும்விடக் குளிர்கிறது. அந்த மட்டத்தில்தான் நாற்றும் நிற்கிறது. சோலை மரம் ஏன் புல்வெளிக்குள் நுழைவதில்லை என்பதற்குத் தீயைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. நான் உறைபனிக் கட்சி. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் 2020-இல் வெளியிட்ட ஆய்வு என் பக்கம் நிற்கிறது: புல்வெளிப் பனியில் சோலை நாற்றுகள் மடிகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமோ பனியைத் தாங்கிப் பரவுகிறது. மலை வெப்பமானால் இந்தச் சமநிலையே குலையும் என்கிறார்கள். புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நடக் கிளம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உதகைத் தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளை மிலார் கிளைகளால் மூடுவார்கள். குளிர் உள்ளே போகாமல் தடுக்கத்தான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். அது தவறு. செடியின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் மிலார் மறைக்கிறது. 2019 ஜனவரியில் மூணாறில் கருகிய தேயிலைக்கு இப்படி மறைப்பு இல்லை, ஏக்கர் ஏக்கராக மூட முடியாதுதான்.

இப்போது உன் கேள்விக்கு நேர்விடை. கல்லாற்றில் பனி உறையாது, ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் மண் காயும், விதைகள் உலரும். அதற்காகவே உன் ஊர்ச் செடிகளிடமும் டிஹைட்ரின்கள் இருக்கின்றன. பனிமலைச் செடி அந்தப் பழைய கருவியைக் குளிர் வந்ததும் எடுக்கக் கற்றுக்கொண்டது. எது முதலில் வந்தது என்று கேட்டால், தாகம்தான் என்பேன். உப்புக்கும் வறட்சிக்கும் முன்னே ஈடு கொடுத்த செடிதான் பிறகு மலையேறியது என்பது என் துணிபு. மறுப்பு இருந்தால் எழுது.

இந்த ஜனவரியில் ஒரு வேலை செய். மேகமில்லாத இரவில் இரண்டு வெப்பமானிகளை எடு. ஒன்றை வெட்டவெளிப் புல்மேல் படுக்க வை, மற்றதை அதே உயரத்தில் மரத்தடியில் வை. சூரியன் எழும் முன் இரண்டையும் படித்துக் குறித்துக்கொள். மேகமூட்டமான ஓர் இரவிலும் அப்படியே செய். முடிந்தால் பொன்முடிப் புல்வெளியிலும் செய்து பார், 1,100 மீட்டர் உயரத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். எண்களை எனக்கு எழுதி அனுப்பு. தேர்வில் இந்தக் கேள்வி மறுபடியும் வந்தால் சரியானதையே எழுது, மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்