தொடுதிரையும் விரலின் அடையாளமும்

இரவில் பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நின்று கடலை நோக்குவோர்க்குப் படகுகளின் விளக்குகள் தெரியும்; படகுகள் தெரியா. ஒருகணம் கண்ணை மூடித் திறப்போமாயின், முன்னர்க் கண்ட விளக்கு இவற்றுள் எது என்னும் ஐயம் பிறக்கும். பல விரல்களை ஒருங்கே உணரும் தொடுதிரைக்கும் இவ்வையமே நேர்கின்றது. அதனைத் தீர்க்கும் நெறியை நண்பர்கட்கு எடுத்துரைத்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராயும் எண்ணம் எமக்கு எழுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. தங்கச்சிமடத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் எம் மாமா, கடலில் தம் படகு நிற்குமிடத்தைச் செல்பேசியின் வரைபடத்திற் காண்பது வழக்கம். ஒருநாள் அவர் இரு விரல்களால் படத்தை விரிக்க முயன்றபொழுது, அது விரியாது ஒருபுறம் தாவிற்று; விரல்களை எடுத்த பின்னரும் ஒரு விரல் பதிந்தே இருப்பதுபோல் நடந்தது. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பெற்ற இந்திய இலங்கைக் கடலெல்லை அண்மையில் இருக்க, தம் இடம் அறியாது தவித்தல் சிறு துன்பமன்று.

தொடுதிரை வினாடிக்குப் பன்முறை தன் பரப்பை அளக்கின்றது. ஒவ்வோர் அளவையிலும் சில திரைகள் தருவன வெறும் புள்ளிகளே. அவற்றை வாங்கிச் செல்பேசியின் மையத்திற்கு உரைக்கும் தூதனே டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். ஆண்ட்ராய்டு செல்பேசிகளுக்கு அடித்தளமாகிய லினக்ஸில் பல்விரல் தொடுகையை அறிவிக்கும் நெறியை 2009-இல் ஹென்ரிக் ரிட்பெர்க் என்பார் அமைத்தார். அது இருவகைப்படும். முதல்வகையில் புள்ளிகள் மட்டும் அறிவிக்கப்படும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இடமும் ஓர் எண்ணும் உண்டு. விரல் பதிந்தது முதல் எடுக்கும்வரை அவ்வெண் மாறலாகாது; எடுத்தவுடன் -1 என்று உரைத்தல் வேண்டும்.

இங்கு நேரும் பிழைகளுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது, ஆள்மாறாட்டம். ஒரு கோட்டில் 0, 10 என்னும் இடங்களில் இரு விரல்கள் இருந்தன. அடுத்த அளவையில் 9, 19 என்னும் இடங்களில் புள்ளிகள் தோன்றின எனக் கொள்வோம். மிக அண்மையிலுள்ள இணையை முதலில் சேர்ப்போமாயின், 10-இல் இருந்த விரல் 9-க்கு வந்ததென்றும், 0-இல் இருந்தது 19-க்குத் தாவியதென்றும் ஆகும்; மொத்தத் தொலைவு 20. இரு விரலும் ஒருங்கே நகர்ந்தன எனின் மொத்தம் 18-ஏ. ஆதலின் தனித்தனி அண்மையை நோக்காது, மொத்தத் தொலைவு குறையுமாறு இணைத்தலே தக்கது. இத்தகைய இணைப்பைக் காணும் முறையை 1955-இல் ஹரால்டு கூன் என்னும் கணித அறிஞர் வெளியிட்டார். அது ஹங்கேரிய முறை எனப்படும்.

இரண்டாவது, விடுகையை உரைக்க மறத்தல். -1 வாராதாயின் இல்லாத விரல் இருப்பதாகவே மையம் கருதும். இதற்கு மருந்து, ஓர் அளவையில் அறிவிக்கப்படாத விரலின் இடத்தை அப்பொழுதே விடுவித்தலாம். லினக்ஸின் பொதுவான மல்டிடச் இயக்கி, இக்குறையுள்ள கருவிகளுக்கென, 100 மில்லிவினாடியளவு செய்தி வாராதிருந்தால் பதிந்த விரல்களையெல்லாம் விடுவித்துவிடுகின்றது.

பிழை எங்குள்ளதென அறியாமல் திருத்தப் புகுதல் தகாது. உப்புநீர் மின்னைக் கடத்துமாதலின் நீர்த்துளியும் விரல்போல் தோன்றலாம். அது திரையின் உணர்வைச் சார்ந்த குற்றம். ஆகவே யாம் மாமாவின் செல்பேசியை நன்கு துடைத்துக் கணினியோடு பிணைத்து, கெட்ஈவென்ட் என்னும் கட்டளையால் இயக்கி உரைப்பனவற்றை வரிவரியாகக் கண்டோம். இரு விரல்களை ஒருங்கே எடுத்த சில வேளைகளில் ஒரு -1 மட்டுமே வந்தது. குற்றம் வெளிப்பட்டது. அவ்வரிகளை அப்படியே எடுத்தெழுதிச் செல்பேசி செய்தோர்க்கு அனுப்பியுள்ளோம். திருத்தம் வருமளவும், திரை தடுமாறினால் அதனை அணைத்து மீண்டும் ஒளிரச் செய்யுமாறும், தனியான ஜி.பி.எஸ். கருவியொன்றைப் படகில் வைத்திருக்குமாறும் மாமாவை வேண்டிக்கொண்டோம்.

இலக்கணம் பயிலும் எமக்கு இதில் ஒரு வியப்பும் உண்டு. முன்னே பெயர் நிற்க, பின்னே 'அவன்' என்னும் சுட்டுப்பெயர் அப்பெயரையே குறித்தல் வேண்டும். அது வேறொருவனைக் குறிப்பின் வாக்கியம் முழுதும் மயங்கும். விரலுக்கு இடும் எண்ணும் அத்தகையதே. வந்தவனை வந்தவனென்றும், போனவனைப் போனவனென்றும் பிறழாது உரைப்பவனே நல்ல தூதன்.