படம் வந்தது, பாட்டு வரவில்லை: ஏன்?



நம் பள்ளிக் கணிப்பொறி அறையின் மூலையில் துணி போர்த்திய பழைய கணிப்பொறி ஒன்று பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் 'பாண்டிச்சேரி' என்று அச்சிட்டிருக்கிறது. ஆம், அது நம் ஊரில் பூட்டப்பட்டதேதான்! ஐ.பி.எம்., எச்.சி.எல்., விப்ரோ முதலிய நிறுவனங்கள் நம் புதுவையில் தொழிற்கூடம் வைத்துக் கணிப்பொறிகளைப் பூட்டி வெளியூர்களுக்கு அனுப்பி வந்தன. 2005-இல் ஐ.பி.எம்.மின் கணிப்பொறிப் பிரிவை லெனோவா வாங்கியபோது இங்கிருந்த தொழிற்கூடமும் அதன் கைக்குப் போயிற்று.

இந்த ஆண்டு அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் பொறுப்புச் சகோதரியிடம் ஒரு மாதத் தவணை கேட்டோம். பழைய மாணவியர் தினத்திற்கு வரும் அக்காமார் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது, "பிரின்ஸ் இருக்கிறதா?" என்பதுதான். ஜோர்டான் மெக்னர் என்பவர் 1989-இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' என்னும் விளையாட்டைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அக்காலத்தில் அறையில் ஒலிபெருக்கி கிடையாது. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்று வைக்கவும் மாட்டார்கள். ஊமைப் படமாகவே ஆடிப் பழகியவர்கள் அவர்கள். ஒரு முறையாவது ஓசையுடன் காட்ட வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். "ஒரு மாதம்தான். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது" என்று சகோதரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டியைத் துடைத்து மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுழன்றது, திரை இருட்டாகவே இருந்தது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டிருந்தது. ஒரு தோழியின் தந்தையார் தம் வீட்டிலிருந்த கார்டு ஒன்றைக் கொடுத்து உதவினார். அதுவும் ஏ.ஜி.பி. வகை, நம் பெட்டியில் இருந்த சொருகுவாயும் ஏ.ஜி.பி. வகை. ஆனால் உள்ளே இறங்கவில்லை! நாங்கள் இன்னும் சற்று அழுத்தப் போனோம். நல்ல வேளையாகச் சகோதரி கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

ஏன் இறங்கவில்லை? ஏ.ஜி.பி. என்பது படத்திற்கென்றே இன்டெல் நிறுவனம் 1996-இல் வகுத்த வழி. அதை உருவாக்கியவர்களில் வடோதராவில் படித்த நம் நாட்டவரான அஜய் பட் என்பவரும் ஒருவர். யு.எஸ்.பி.யிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. முதலில் வந்த ஏ.ஜி.பி. 3.3 வோல்ட்டில் இயங்கியது. பின்னர் வந்தது 1.5 வோல்ட்டில் இயங்கியது. ஒன்றின் மின்னழுத்தம் மற்றதற்குப் பாய்ந்தால் கார்டோ பலகையோ கருகிவிடும். ஆகவே கார்டின் விளிம்பில் ஒரு வெட்டும், சொருகுவாயில் அதற்கேற்ற ஒரு தடுப்பும் வைத்தார்கள். இரண்டு வகைக்கும் வெட்டின் இடம் வேறு. எங்கள் பெட்டி பழைய 3.3 வோல்ட் வகை, வந்த கார்டு 1.5 வோல்ட் வகை. அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது. மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் இரண்டு வெட்டுகளும் உள்ள கார்டு ஒன்று கிடைத்தது. அத்தகைய கார்டு இரு வகைக்கும் பொருந்தும்.

அதைச் சொருகியதும் பழைய டாஸ் விளையாட்டு உடனே திரையில் வந்துவிட்டது. விளையாட்டுக்கு 10 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த கார்டு அது. எப்படிப் பொருந்தியது? 1987-இல் ஐ.பி.எம். 'வி.ஜி.ஏ.' என்ற பட முறையைக் கொண்டு வந்தது. மற்ற நிறுவனங்கள் யாவும் அதை அப்படியே பின்பற்றின. பின்னால் வந்த கார்டுகள் எவ்வளவு புதுமைகளைச் சேர்த்தாலும் உள்ளே இந்தப் பழைய முறையையும் விடாமல் வைத்துக் கொண்டன. படத்திற்கு ஒரு பொது மொழி இருந்தது என்று சொல்லலாம்.

ஒலிக்கு அப்படி ஒன்றும் இல்லை! சங்கடமே இங்குதான்.

தொடக்கத்தில் கணிப்பொறிக்கு 'பீப்' என்னும் ஒலி மட்டுமே தெரியும். 1987-இல் கனடாவில், பிரெஞ்சு பேசும் கியூபெக் நகரிலிருந்து 'ஆட் லிப்' என்னும் கார்டு வந்தது. அதைத் தந்த மார்ட்டின் பிரெவெல் முன்பு இசைப் பேராசிரியராக இருந்தவர். ('விருப்பம் போல்' என்று பொருள்படும் இந்த லத்தீன் சொல்லை நம் பாடற்குழுவினர் அறிவார்கள்.) யமஹா நிறுவனத்தின் சில்லு ஒன்று அதில் இசை எழுப்பியது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்டு பிளாஸ்டர்' கார்டை வெளியிட்டது. அதை நிறுவிய சிம் வோங் ஹூ கெட்டிக்காரர். யமஹாவின் அதே சில்லைத் தம் கார்டிலும் வைத்ததால் ஆட் லிப்புக்காக எழுதிய விளையாட்டெல்லாம் இதிலும் பாடின. கூடவே, பதிவு செய்த குரலையும் ஓசையையும் எழுப்பும் திறனும் இதில் இருந்தது. 1992-இல் ஆட் லிப் நிறுவனம் நொடித்துப் போயிற்று. பிறகு வந்த கார்டுகளெல்லாம் தம்மைச் சவுண்டு பிளாஸ்டருக்குப் பொருந்துபவை என்றே விளம்பரம் செய்து கொண்டன.

நாங்கள் முதலில் வைத்தது பி.சி.ஐ. வகைச் சவுண்டு கார்டு. விண்டோசில் அது நன்றாகப் பாடியது. டாசில் வாயே திறக்கவில்லை. கார்டின் மேல் குற்றமில்லை. நம் ஊரின் நேரான தெருக்களில் தபால்காரர் கதவிலக்கம் பார்த்துத்தானே கடிதம் கொடுக்கிறார்? டாஸ் விளையாட்டும் அப்படியே 220 என்ற கதவைத் தட்டும். 5 அல்லது 7 என்ற மணியோசைக்குக் காத்திருக்கும். 1 என்ற வாய்க்காலில் ஒலியை அனுப்பும். 'ஐ.எஸ்.ஏ.' என்ற பழைய சொருகுவாயின் ஏற்பாடு இது. பி.சி.ஐ. கார்டின் கதவிலக்கம் நிலையானதல்ல. அந்த வாய்க்காலும் பி.சி.ஐ.யில் கிடையாது. விண்டோசில் 'டிரைவர்' என்னும் துபாஷி நடுவில் நிற்பதால் கவலையில்லை. டாசில் விளையாட்டே நேரில் பேச வேண்டும். பழைய கார்டைப் போல நடிக்கும் நிரல்களைச் சில நிறுவனங்கள் கொடுத்தன; எல்லா விளையாட்டிடமும் அந்த நடிப்புச் செல்லாது.

மறு ஞாயிறும் சந்தைக்கு ஓடினோம். 1992-இல் முதலில் வெளிவந்த சவுண்டு பிளாஸ்டர் 16 வகைக் கார்டு, ஐ.எஸ்.ஏ. சொருகலுடன், தூசி படிந்து கிடைத்தது. அதில் சிறு தொப்பி போன்ற ஜம்பர்களை மாற்றி மணி எண்ணைக் குறிக்க வேண்டும். 7 என்பது வழக்கமாக அச்சுப்பொறிக்கு உரியது. ஆகவே 5 வைத்தோம்.

பாட்டு வந்தது! ஆனால் இளவரசன் வாளைச் சுழற்றினால் ஓசையில்லை. இதில்தான் எங்களுக்கு ஐந்து நாட்கள் போயின. யமஹா சில்லின் இசைக்கு மணியும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம். கதவைத் தட்டினால் போதும். பதிவு செய்த ஓசைக்கோ இரண்டும் தேவை. பெட்டியின் 'பயாஸ்' இந்தப் பழைய கார்டு இருப்பதையே அறியாமல் 5-ஆம் மணியை நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்திருந்தது. ஓர் உறையில் இரண்டு கத்தி! பயாசுக்குள் போய், 5-ஆம் எண் பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுக்கே என்று ஒதுக்கினோம். தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. கத்தியோடு கத்தி மோதும் ஓசை கேட்டதும் நாங்கள் போட்ட கூச்சலுக்குச் சகோதரி கோபிக்கவில்லை.

பழைய மாணவியர் தினத்தன்று ஓர் அக்கா மூன்றாம் கட்டம் வரை ஆடிவிட்டுத் திரும்பி, "இதற்குச் சத்தமெல்லாம் உண்டா?" என்று கேட்டார்கள்.

பெட்டி இப்போது சன்னலோர மேசையில் இருக்கிறது. பயாசில் அந்த 5-ஆம் எண்ணை மட்டும் தோழியர் யாரும் தொட வேண்டாம்.