உழைக்கிற மடக்குக் கத்தி: வாங்கும்போது நான் பார்ப்பவை

"அண்ணே, தோட்டத்துக்குப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு கத்தி வேணும். எது வாங்கலாம்?" தொட்டியம் பக்கம் வாழை வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கையில் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் இருக்கும். கைப்பேசியில் நாலைந்து கத்திகளின் படமும் இருக்கும். அவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான அன்றாட வேலைக்கு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே தீட்டிக்கொள்ள முடிகிற கத்திதான் நல்ல கத்தி. விலை, அழகு, பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

வேலையைப் பார்த்துக் கத்தி

தார் வெட்ட அரிவாள் இருக்கிறது, கன்று எடுக்கக் கடப்பாறை இருக்கிறது. மடக்குக் கத்திக்கு விழுவதெல்லாம் இடையில் வருகிற சில்லறை வேலைகள். 45 கிலோ யூரியா மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பில் கட்டக் கயிறு அறுக்க வேண்டும். 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாயைக் கோணல் இல்லாமல் வெட்டி இணைக்க வேண்டும். தாருக்குப் பாலிதீன் உறை மாட்ட வேண்டும். மதியம் அதே கத்தி வெங்காயமும் நறுக்கும்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் மண் இருக்கிறது. தரையில் கிடந்த கயிற்றின் புரிகளில் மணல் ஏறியிருக்கும். குழாயின் மேல் சேறு காய்ந்திருக்கும். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது சாதாரணக் கத்தி எஃகைவிடக் கடினமானது. அதனால் மண்ணில் புழங்கும் எந்தக் கத்தியும் மழுங்கத்தான் செய்யும். விலை உயர்ந்தது கொஞ்சம் தாமதமாக மழுங்கும், அவ்வளவுதான். மழுங்கிய பிறகு அதை மறுபடி கூராக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வைத்தே நான் கத்தியை எடைபோடுகிறேன்.

எஃகு

கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். தோட்ட வேலைக்கு 54 முதல் 58 வரை இருந்தால் போதும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. அவற்றின் அலகு 56 அளவில்தான் நிற்கிறது. அந்த எஃகு விரைவாகக் கூர் இழக்கும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். தற்செயலாகக் கல்லில் பட்டாலும் வாய் உடையாமல் மடங்கும், மடங்கியதை நிமிர்த்திவிடலாம். மிகக் கடினமான எஃகில் அந்த இடம் பொக்கையாகப் பெயர்ந்துவிடும்.

டி2 என்று எழுதிய கத்திகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அதில் சுமார் 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருக்கும். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் எஃகு. ஆனால் அந்தத் தாங்கும் குணமே தீட்டும்போது எதிராக நிற்கும். சாதாரணக் கல்லில் நெடுநேரம் இழுக்க வேண்டியிருக்கும். அட்டைப்பெட்டி பிரிக்கிற கிடங்கு வேலைக்கு அது பொருந்தும். மண்ணில் புழங்குகிறவருக்கு 420எச்சி, ஸ்வீடனின் 12சி27, சீனக் கத்திகளில் பரவலாக உள்ள 8சிஆர்13 போன்ற எளிய எஃகு வகைகளையே சொல்வேன்.

எந்த வகை என்று குறிப்பிடாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். கைப்பேசி உறையில் இருக்கும் சின்னக் காந்தம்கூடப் போதும். பதம் ஏற்றக்கூடிய கத்தி எஃகில் காந்தம் ஒட்டும். ஒட்டவே இல்லை என்றால் அது பெரும்பாலும் பாத்திரத்துக்கான எவர்சில்வர் வகை. அதைக் காய்ச்சி முக்கினாலும் கூரைப் பிடித்துவைக்கும் கடினம் வராது. ஒட்டியதாலேயே நல்ல கத்தி என்று ஆகிவிடாது. ஆனால் ஒட்டாததை அங்கேயே விலக்கிவிடலாம்.

அலகு

நீளம் 7 முதல் 9 செ.மீ. போதும். முதுகின் தடிமன் 2 மி.மீ. அளவில் இருக்கட்டும், 2.5-ஐத் தாண்ட வேண்டாம். தடித்த அலகைப் பார்த்தால் 'நன்றாக உழைக்கும்' என்று தோன்றும். ஆனால் அது வெட்டாது, பிளக்கும். சொட்டுநீர்க் குழாயைத் தடித்த கத்தியால் அறுத்தால் குழாய் நசுங்கிக் கோணலாகும். பிறகு இணைப்பில் நீர் கசியும். மெல்லிய அலகு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ரம்பப் பல் வைத்த அலகு தென்னங்கயிற்றை வேகமாக அறுக்கும். ஆனால் பல் மழுங்கினால் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. அதனால் நேரான வாயையே தேர்ந்தெடுக்கிறேன். முனை கொஞ்சம் தாழ்ந்திருப்பது நல்லது. தாருக்கு உறை மாட்டும்போது காயில் குத்திவிடும் ஆபத்து குறையும். ஒரு கீறல் பட்டாலும் பழுக்கும்போது அந்த இடம் கறுத்துவிடும்.

பூட்டு

அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும், ஏனென்றால் இது விரல் சம்பந்தப்பட்டது. பூட்டே இல்லாமல் வில்லின் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் கத்திகள் அறுப்பதற்குப் போதும். குத்தித் துளைக்கிற வேலை வந்தால் அலகு மடங்கிக் கையில் விழலாம். மூட்டையையும் உறையையும் துளைக்கிறவர்களுக்குப் பூட்டு அவசியம்.

மண் புழங்கும் இடத்துக்குப் பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் இருக்கும் வளையப் பூட்டு எனக்குப் பிடித்தது. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய எளிய மடக்குக் கத்தி அது. 1955-இல் அதற்கு வளையப் பூட்டு சேர்ந்தது. காம்பின் தலையில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு நிலைத்துவிடும். மண் புகுந்தால் வெளியிலிருந்தே ஊதித் துடைத்துவிடலாம். எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ., தோட்ட வேலைக்குச் சரியான அளவு. பிடி பீச் மரம் என்பதால் மழையில் ஊறி அலகை இறுக்கிக்கொள்ளும். அப்போது காம்பின் அடியைக் கல்லில் லேசாகத் தட்டினால் அலகு மெல்ல வெளியே வரும். அந்த ஊர்க்காரர்களின் பழைய உபாயம் அது. புதிதாக வாங்கியதும் மரத்தில் எண்ணெய் ஊறவைத்தால் உப்புவது குறையும்.

உட்தகடு பக்கவாட்டில் வந்து அலகைத் தாங்கும் வகையும், முதுகில் அழுத்திப் பூட்டை விடுவிக்கும் வகையும் நம் கடைகளில் அதிகம். இரண்டும் நல்லவையே. கடையில் அலகைத் திறந்து பூட்டி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரல்களை வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆணி அடித்து மூடியதைவிடத் திருகு வைத்தது மேல். தளர்ந்தால் வீட்டிலேயே இறுக்கலாம், கழற்றி மண்ணைக் கழுவலாம்.

பொத்தானை அழுத்தினால் சட்டென்று திறக்கும் கத்தியை வாங்க வேண்டாம். மண் புகுந்தால் ஸ்பிரிங் சிக்கும். சோதனையில் காவலர் கேட்டால் தோட்டத்துக்குத்தான் என்று சொல்லி நம்பவைப்பதும் கடினம். எந்தக் கத்தியானாலும் ஊருக்குள் போகும்போது வீட்டில் வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

பிடி

வாழைப்பால் பட்ட கையில் வழவழப்பான உலோகப் பிடி வழுக்கும். சொரசொரப்பான நைலான் அல்லது மரப் பிடி நல்லது. மூடிய உள்ளங்கையில் பிடி முழுதாக நிரம்ப வேண்டும்; சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அழுத்தம் கொடுக்க முடியாது. நிறம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். காய்ந்த வாழைச்சருகில் விழுந்த பழுப்புக் கத்தியைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

கறையும் துருவும்

வாழைப்பாலில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். கார்பன் எஃகுக் கத்தி இரண்டு நாளில் கருநீலமாகிவிடும். அது துரு இல்லை, கேடும் இல்லை. செம்பழுப்பாகப் பூத்தால்தான் துரு.

பொட்டாஷ் மூட்டையைப் பிரித்த பிறகு கத்தியைக் கழுவாமல் மடக்கக் கூடாது. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு; ஈரத்தோடு சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் ஊசிப் புள்ளிகளாகக் குழி விழச்செய்யும். கழுவி, துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசினாகி மடிப்பை இறுக்கும். தேங்காய் எண்ணெய் எளிதில் அப்படி ஆகாது. வாடல் நோய் கண்ட மரத்தில் பட்ட கத்தியை, அடுத்த மரத்துக்குப் போகும் முன் மண்ணும் சாறும் போகக் கழுவியே தீர வேண்டும்.

தீட்டுதல்

ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமான கார்போரண்டம் கல் இரும்புக் கடைகளில் கிடைக்கும். கோணம்தான் எல்லோரையும் மலைக்கவைக்கிறது. கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்துக்கொள்ளுங்கள், மறுபடி அதில் பாதி சாய்த்துக்கொள்ளுங்கள். கிடைப்பது சுமார் 22 பாகை. தோட்டக் கத்திக்கு அது சரியான கோணம். அலகு 2 செ.மீ. அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. சொச்சம் உயர்ந்திருக்கும்.

கல்லை நனைத்துக்கொண்டு, அதே சாய்வில் ஒரு பக்கத்தை இழுங்கள். மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும் வரை விடாதீர்கள். விரலை வாயோடு நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து வாய்ப்பக்கம் தடவிப் பாருங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் நயமான பக்கத்தில் அழுத்தாமல் மாறிமாறி இழுத்து, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி தேய்த்தால் பிசிறு உதிரும். காய்ந்த வாழை நாரை இழுத்துப் பிடித்து அறுத்துப் பாருங்கள். சிம்பு எழாமல் அறுந்தால் கூர் வந்துவிட்டது. மின்சாணைச் சக்கரத்தில் கொடுக்க வேண்டாம். மெல்லிய வாய் சூடேறி நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும்.

நெம்புவதும் திருகு முடுக்குவதும் கத்தியின் வேலை அல்ல. முனை உடைவதும் கீல் தளர்வதும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் கணக்கு இது. கத்திக்கு அறுநூறு, எழுநூறு ஒதுக்குங்கள். மீதியில் கல் வாங்குங்கள். கல் இல்லாமல் ஆயிரத்துக்கும் கத்தி வாங்கினால் அடுத்த மாதமே அது மழுங்கிப் பையில் சுமையாகிவிடும். மழுங்கிய கத்தியைப் பலம் கொடுத்து அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கும். கல்லோடு வாங்கிய கத்தியை வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலையென்றே வைத்துக்கொண்டு, தீட்டிவாருங்கள். கத்தியும் பல வருடம் உழைக்கும், விரலும் பத்திரமாக இருக்கும்.